காதில் 580 வோல்ட்: ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயருக்குள் பிழைத்துக் கிடக்கும் வால்வு

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் "வால்வு" என்றால் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற வால்வுதான் ஞாபகத்துக்கு வரும். "ட்யூப்" என்று திருத்திச் சொன்னாலும் அதே சைக்கிள்தான் :-) நான் எழுதப்போவது தாத்தா வீட்டு ரேடியோவில் இருந்த வால்வைப் பற்றி. சுவிட்சைப் போட்டவுடன் பாடாது. கண்ணாடிக் குப்பிக்குள் இழை ஆரஞ்சு நிறத்தில் பழுத்து, அரை நிமிஷம் யோசித்து, அதற்கப்புறம்தான் இலங்கை வானொலி மெதுவாக மேலே வரும்.

அந்த வால்வை டிரான்சிஸ்டர் துரத்திவிட்டது. ரேடியோ, டேப் ரெக்கார்டர், டி.வி., கம்ப்யூட்டர் என்று வரிசையாக எல்லா இடத்திலிருந்தும். கிடார் வாசிப்பவர்கள் மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வால்வு உடைத்துக் கொடுக்கும் அந்தக் கரகரப்பு வேண்டும். ஹை-ஃபை பிரியர்களில் ஒரு கூட்டமும் வைத்திருக்கிறது. அதில் பாதி அழகுக்காக, பாதி பழைய நினைப்புக்காக என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஓரிடத்தில் வால்வு பழம்பெருமைக்காக இல்லாமல், வேலை தெரிந்தவன் என்பதாலேயே பல வருஷம் உட்கார்ந்திருந்தது. அதுதான் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோனை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர். இன்றைக்கும் உலகத்தின் மிக விலை உயர்ந்த ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்தால் உள்ளே வால்வு எரிகிறது. "எது ஒசத்தி?" என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அறுபது வருஷக் கதையைச் சொன்னால்தான் பதில் புரியும். அதனால் இந்த நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் கொஞ்சம் பௌதிகம்

சாதாரண ஹெட்ஃபோனில் ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு சவ்வு. மின்சாரம் சுருளில் ஓட, சுருள் ஆட, சவ்வு ஆட, பாட்டு வரும்.

எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் காந்தமும் கிடையாது, சுருளும் கிடையாது. ஒன்றிரண்டு மைக்ரான் கனமே உள்ள ஒரு பிளாஸ்டிக் சவ்வு. நம் தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் மின்சாரத்தை லேசாகக் கடத்தும் ஒரு பூச்சு. சவ்வுக்கு இரண்டு பக்கமும், அரை மில்லிமீட்டர் அளவு தள்ளி, ஓட்டை போட்ட உலோகத் தகடு ஒவ்வொன்று. சவ்வுக்கு நிரந்தரமாக ஒரு பெரிய வோல்டேஜ் கொடுத்து வைப்பார்கள். இதற்கு பயஸ் என்று பெயர். ஸ்டாக்ஸ் கம்பெனியின் "ப்ரோ" வகையில் இது 580 வோல்ட். பாட்டின் சிக்னலைத் தகடுகளுக்கு எதிரும் புதிருமாகக் கொடுப்பார்கள். ஒரு தகடு இழுக்கும்போது மற்றது தள்ளும். சவ்வு முழுவதும் ஒரே சமயத்தில் நகரும். கனமே இல்லாததால் சொன்ன இடத்தில் புறப்பட்டு, சொன்ன இடத்தில் நிற்கும்.

580 வோல்ட்டா, அதுவும் காதுக்குப் பக்கத்திலா என்று பயப்பட வேண்டாம். அந்த வோல்டேஜ் ஏறத்தாழ 50 லட்சம் ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தான் வருகிறது. அதிகபட்சம் ஓடக்கூடிய கரண்ட் ஒரு மில்லி ஆம்பியரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். வீட்டு ஸ்பீக்கர் 8 ஓம். 50 வாட் கொடுக்க 20 வோல்ட்டும் 2.5 ஆம்பியரும் வேண்டும். எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோன், கேபிளையும் சேர்த்து, சுமார் 100 பிகோஃபாரட் உள்ள ஒரு குட்டிக் கெபாசிட்டர். அது நல்ல சத்தமாக, 100 டெசிபல் அளவில் பாட, சுமார் 100 வோல்ட் வேண்டும். ஆனால் 1,000 ஹெர்ட்ஸில் அது குடிக்கும் கரண்ட் ஒரு மில்லி ஆம்பியரில் வீசம் பங்கு, அதாவது பதினாறில் ஒன்று. உச்ச ஸ்தாயியில் 20,000 ஹெர்ட்ஸுக்குப் போனால்கூட ஒன்றேகால் மில்லி ஆம்பியர்தான்.

நம் அப்பார்ட்மென்ட் தண்ணீர் பாஷையில் சொன்னால், ஸ்பீக்கர் என்பது கீழ்த்தளத்தில் அகலமான குழாய். எலெக்ட்ரோஸ்டாட்டிக் என்பது பத்தாவது மாடியில் ஒரு சொட்டுக் குழாய். தண்ணீர் கொஞ்சம் போதும், உயரம்தான் வேண்டும்.

வால்வு பிறவியிலேயே உயரமான ஆசாமி. நூற்றுக்கணக்கான வோல்ட்டில் வாழும், சில மில்லி ஆம்பியரைத்தான் கையாளும். ஸ்பீக்கரை ஓட்ட அதற்கு ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் வேண்டியிருந்தது. இந்த ஹெட்ஃபோனுக்கு அதுவும் வேண்டாம், கிட்டத்தட்ட நேரடியாகவே ஓட்டலாம். அறுபதுகளின் டிரான்சிஸ்டரோ சில பத்து வோல்ட்டிலேயே உயிரை விட்டுவிடும்.

டோக்கியோவில் ஆரம்பம்

எலெக்ட்ரோஸ்டாட்டிக் யோசனை ஒன்றும் புதிதில்லை. இன்றைய காந்த ஸ்பீக்கரின் வடிவத்தை 1925-ல் உலகத்துக்குச் சொன்னவர்கள் அமெரிக்க எஞ்சினியர்கள் ரைஸும் கெல்லாக்கும். அதே கெல்லாக்தான் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கருக்கும் 1934-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் தாங்கக்கூடிய மெல்லிய சவ்வு அன்றைக்கு இல்லை. ஐம்பதுகளில் மைலார் போன்ற பாலியெஸ்டர் சவ்வுகள் கடைக்கு வந்த பிறகுதான் விஷயம் சூடு பிடித்தது. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் குவாட் கம்பெனி 1957-ல் தன் புகழ்பெற்ற எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கதவு உயரத்தில் பாதி இருக்கும், பார்க்க ரூம் ஹீட்டர் மாதிரி.

அதைக் காதளவுக்குச் சுருக்கியவர்கள் ஜப்பானியர்கள். 1938-ல் தொடங்கிய ஷோவா கோஒன் கோக்யோ என்ற சின்னக் கம்பெனிதான் பிற்பாடு ஸ்டாக்ஸ் என்று பெயர் பெற்றது. அவர்களின் எஸ்.ஆர்-1 ஹெட்ஃபோன் 1959-ல் காட்சிக்கு வந்து 1960-ல் விற்பனைக்கு வந்தது. "ஹெட்ஃபோன்" என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும், "இயர்ஸ்பீக்கர்" என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கும் அப்படித்தான்.

அதை ஓட்ட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரோடு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை இணைத்து வோல்டேஜை ஏற்றிக்கொள்வது. விலை குறைவு. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஆழ்ந்த பாஸில் திணறும், உச்ச ஸ்தாயியிலும் தன் குணத்தைக் காட்டும். இரண்டாவது வழி, இந்த ஹெட்ஃபோனுக்கென்றே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர். ஸ்டாக்ஸ் அறுபதுகளிலேயே எஸ்.ஆர்.ஏ-3எஸ் என்று ஒன்று செய்தது. அமெரிக்காவில் கோஸ் கம்பெனி 1968-ல் இ.எஸ்.பி-6 என்ற ஹெட்ஃபோனில் டிரான்ஸ்ஃபார்மரைக் காதுக் கிண்ணத்துக்குள்ளேயே திணித்தது. கழுத்துக்கு நல்ல உடற்பயிற்சி.

எழுபதுகளின் கடைசியில் அதிக வோல்டேஜ் தாங்கும் டிரான்சிஸ்டர்கள் வந்துவிட்டன. அத்தோடு வால்வின் கதை இங்கேயும் முடிந்திருக்க வேண்டும். ஸ்டாக்ஸே முழு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் செய்து விற்றது. அப்புறம் 1987-ல் எஸ்.ஆர்.எம்-டி1 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முன்னால் டிரான்சிஸ்டர், கடைசிப் படியில் 6சி.ஜி7 வால்வு. அந்தக் காலத்து டி.வி. பெட்டிகளில் சர்வசாதாரணமாக இருந்த வால்வு அது. சின்னது, மலிவு, சூடும் குறைவு.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. வால்வுக்கு மேலே கரண்ட் கொடுக்க ஒரு ரெசிஸ்டரை வைத்திருந்தார்கள். வால்வு தரும் கரண்டில் ஒரு பங்கை அந்த ரெசிஸ்டரே தின்றுவிடும். மீதிதான் ஹெட்ஃபோனுக்கு. மெதுவாகக் கேட்கும்வரை தெரியாது. சத்தமாக வைத்து, உச்ச ஸ்தாயி நிறைய உள்ள சங்கீதத்தைப் போட்டால் மூச்சு வாங்கும். பிற்பாடு பலர் அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, மாறாத கரண்ட் தரும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் சர்க்யூட்டை வைத்தார்கள். வால்வுக்கு டிரான்சிஸ்டர் தோள்கொடுத்த கதை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தொண்ணூறுகள்: உச்சமும் பள்ளமும்

1991-ல் ஜெர்மனியின் ஸென்ஹைஸர் ஒரு காரியம் செய்தது. "விலையைப் பற்றிக் கவலை வேண்டாம், முடிந்ததில் சிறந்ததைச் செய்யுங்கள்" என்கிற தோரணையில் ஆர்ஃபியஸ் என்ற ஜோடி. ஹெச்.இ 90 ஹெட்ஃபோன், ஹெச்.இ.வி 90 வால்வு ஆம்ப்ளிஃபயர். மரப்பெட்டி, மேலே வரிசையாக எரியும் வால்வுகள். சி.டி. பிளேயரை நேரடியாக இணைக்க உள்ளேயே டிஜிட்டல் பகுதி. மொத்தம் 300 செட்தான் செய்தார்கள்.

ஜப்பானியர்கள் சும்மா இருப்பார்களா? 1993-ல் எஸ்.ஆர்-ஒமேகா ஹெட்ஃபோன். அதற்கேற்ற ராஜ வாகனமாக 1994-ல் எஸ்.ஆர்.எம்-டி2 ஆம்ப்ளிஃபயர். இரண்டு தனிப் பெட்டிகள், பவர் சப்ளைக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. உள்ளே 6922 சின்ன வால்வுகள், கடைசிப் படியில் இ.எல்34. இ.எல்34 நம் ஊர்க் கல்யாணத்தில் குழாய் ஸ்பீக்கர் அலறிய காலத்து ஆம்ப்ளிஃபயர்களில் வேலை பார்த்த ஜாதி, பவர் வால்வு. நாலு இ.எல்34-ன் இழையைச் சூடாக்க மட்டும் 38 வாட் வேண்டும். அது வெறும் அடுப்பு எரிக்கிற செலவு, சமையல் இன்னும் ஆரம்பிக்கவில்லை. டி2 தன் சூட்டிலேயே தன்னை வதைத்துக்கொள்ளும் பெட்டி என்று பெயரெடுத்தது.

1995-ல் ஸ்டாக்ஸ் கம்பெனி மூடப்பட்டது. ஜப்பானின் பொருளாதாரக் குமிழி வெடித்த காலம் அது. 1996-ல் ஊழியர்களில் சிலர் சேர்ந்து மறுபடியும் சின்ன அளவில் ஆரம்பித்தார்கள். ஹெட்ஃபோன்கள் திரும்பி வந்தன, சின்ன ஆம்ப்ளிஃபயர்கள் திரும்பி வந்தன. டி2 மட்டும் திரும்பவில்லை. விற்றுப்போன சொற்ப பெட்டிகள்தான் மிச்சம்.

யோசித்துப் பாருங்கள். 1990-களின் மத்தியில் இந்தத் துறையின் இரண்டு சிகரங்களும் வாங்க முடியாதவை ஆகிவிட்டன. ஒன்று 300-உடன் நின்றுவிட்டது. மற்றதைச் செய்த பழைய கம்பெனியே போய்விட்டது. பெட்டி பழுதானால் என்ன செய்வது, யாரைக் கேட்பது?

சர்க்யூட்டைத் திறந்து வைத்தவர்

இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். அமெரிக்காவில் கெவின் கில்மோர். எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஆம்ப்ளிஃபயர்களை வடிவமைத்து, சர்க்யூட்டை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். அவற்றில் ஒன்று ப்ளூ ஹவாய். 2000-களின் தொடக்கத்தில் வந்தது. முன்படிகளில் டிரான்சிஸ்டர், கடைசியில் நாலு இ.எல்34, அவற்றுக்கு மேலே ரெசிஸ்டருக்குப் பதில் மாறாத கரண்ட் தரும் சர்க்யூட். மேலே சொன்னேனே, அதே தோள்கொடுத்தல். வால்வு தரும் கரண்ட் ஏறக்குறைய முழுவதும் ஹெட்ஃபோனுக்கே போகும்.

சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்கள் அதை வீட்டில் கட்டினார்கள். ஹெட்ஆம்ப் என்ற சின்ன அமெரிக்கக் கம்பெனி அதையே அழகான பெட்டியில் போட்டு விற்றது. ஸ்டாக்ஸின் சொந்த ஆம்ப்ளிஃபயரைவிட ஸ்டாக்ஸ் ஹெட்ஃபோனை இது நன்றாக ஓட்டுகிறது என்று பேர் வாங்கியது.

அடுத்து அந்தக் கூட்டம் கை வைத்தது டி2-வில். செத்துப்போன பெட்டியின் சர்க்யூட்டைப் பிரித்துப் படித்து, கடையில் கிடைக்காத ஜப்பானிய டிரான்சிஸ்டர்களைத் தேடிப் பொறுக்கி, சூட்டுப் பிரச்சினைக்குப் பெரிய பெட்டியும் தடித்த அலுமினியமும் போட்டு, மறுபடி உயிர் கொடுத்தார்கள். மூலக் கம்பெனி கைவிட்ட குழந்தையைச் சம்பந்தமே இல்லாதவர்கள் வளர்த்தார்கள். அவர்களுக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை.

50,000-ன் காலம்

2015-ல் ஸென்ஹைஸர் புது ஆர்ஃபியஸை அறிவித்தது. ஹெச்.இ 1 என்று பெயர். விலை 50,000 யூரோ. இத்தாலியின் கர்ராரா பளிங்கில் குடைந்த உடம்பு. பொத்தானை அழுத்தினால் குமிழ்கள் வெளியே நீளும், குவார்ட்ஸ் குப்பிக்குள் எட்டு வால்வுகள் எழுந்து நிற்கும், மூடி திறந்து ஹெட்ஃபோன் தரிசனம் தரும். கும்பாபிஷேகம் மாதிரி இருக்கும் :-)

ஆடம்பரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு நல்ல யோசனை இருக்கிறது. கடைசிப் படியை அவர்கள் பளிங்குப் பெட்டியில் வைக்கவில்லை, காதுக் கிண்ணத்துக்குள்ளேயே வைத்தார்கள். ஏன்? நீளமான கேபிளும் ஒரு கெபாசிட்டர்தான். ஆம்ப்ளிஃபயரின் உழைப்பில் ஒரு பங்கை அது வீணாகக் குடிக்கும். ஆம்ப்ளிஃபயரைத் தகட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தால் அந்த நஷ்டம் இல்லை. ஆனால் காதுக்குப் பக்கத்தில் கொதிக்கிற வால்வை வைக்க முடியுமா? அங்கே வைத்தது மாஸ்ஃபெட், அதாவது டிரான்சிஸ்டர் ஜாதி. கண்ணுக்கு முன்னால் எழுந்து நிற்கும் எட்டு வால்வும் முன்படி வேலையைத்தான் பார்க்கின்றன. ஹெட்ஃபோனைத் தள்ளும் கடைசி வேலை டிரான்சிஸ்டருடையது.

2016-ல் ஹைஃபைமேன் கம்பெனி ஷாங்ரி-லா என்று ஒன்றை 50,000 டாலருக்கு அறிவித்தது. அதில் நாலு 300பி வால்வு. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1938-ல் கொண்டுவந்த வால்வு அது. ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர் உலகத்தில் அதற்குக் கோயில் கட்டாத குறை. அதைச் சில மில்லி ஆம்பியர் கேட்கும் சவ்வுக்குப் பூட்டுவது, தேரிழுக்கிற யானையைக் கூட்டிவந்து தென்னை மட்டை ஒன்றைத் தூக்கச் சொல்வது மாதிரிதான் எனக்குப் படுகிறது. தப்பில்லை, யானை தூக்கும். தீனி யார் போடுவது என்பதுதான் கேள்வி.

2018-ல் ஸ்டாக்ஸ் தன் புதிய உச்சத்தைக் கொண்டுவந்தது. எஸ்.ஆர்.எம்-டி8000. முன்னால் இரண்டு 6922 வால்வு, கடைசிப் படி முழுக்க டிரான்சிஸ்டர். டி1 காலத்து ஏற்பாடு அப்படியே தலைகீழ். இரண்டு 6922-ன் அடுப்புச் செலவு 4 வாட்டுக்கும் குறைவு.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் வேண்டும் என்பதற்காகத்தான் வால்வு இந்த உலகத்துக்குள் வந்தது. அந்த வேலையை இன்றைக்கு டிரான்சிஸ்டர் செய்கிறது. ஹெச்.இ 1-லும் டி8000-லும் வால்வு முன்படிக்கு, கிட்டத்தட்ட வரவேற்பறைக்கு, நகர்ந்துவிட்டது. ப்ளூ ஹவாய் போன்றவற்றில் இன்னும் பழைய உத்தியோகத்தில் இருக்கிறது.

காதுக்கு வித்தியாசம் தெரியுமா? இங்கே பெங்களூரில் ஒரு நண்பர் வீட்டில் வால்வு ஒன்று, டிரான்சிஸ்டர் ஒன்று, ஒரே ஹெட்ஃபோன், சத்தத்தை மீட்டர் வைத்துச் சமப்படுத்தி உட்கார்ந்தோம். நண்பரின் மகள் எங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டாள். தம்புராவின் ஜீவா, மிருதங்கத்தின் வலந்தலை, வயலின் வில் திரும்பும் இடம் என்று பார்த்துப் பார்த்துக் கேட்டேன். பத்தில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டாலே ஐந்து வரும். ஆனால் சாதாரண ஹெட்ஃபோனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சிறுமியே முதல் நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். "அங்கிள், இதுல பாடறவங்க மூச்சு விடறது கேக்குது."

பெரியப்பாவின் நோட்டு

கும்பகோணத்தில் என் பெரியப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். படிப்பு எட்டாம் வகுப்பு. வால்வை விரல் நகத்தால் தட்டி, ஸ்பீக்கரில் வரும் "டிங்" சத்தத்தை வைத்தே இது போச்சு, இது இன்னும் ஆறு மாசம் ஓடும் என்று சொல்வார். வந்த ஒவ்வொரு செட்டின் சர்க்யூட்டையும் ஒரு நீள நோட்டில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எந்தக் கெபாசிட்டர் முதலில் போகும் என்று ஓரத்தில் குறிப்புகள். அவர் போன பிறகு கடையைக் காலி செய்தபோது அந்த நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. நான் அப்போது வடக்கே வேலையில் இருந்தேன். எனக்குத் தகவல் வந்தபோது மூன்று மாதம் ஆகியிருந்தது.

கில்மோரின் சர்க்யூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வரும். இரண்டிலும் இருந்தது ஒரே மாதிரி அறிவுதான். ஒன்றைப் பத்து நாட்டில் நூறு பேர் நகலெடுத்து வைத்திருந்தார்கள். மற்றது ஒரே பிரதி.

வால்வுக்கும் இதே விதிதான். நான் இருக்கும் பெங்களூரின் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. 1954-ல் தொடங்கிய அரசு நிறுவனம். ஹாலந்தின் ஃபிலிப்ஸ் கூட்டோடு 1961-ல் அங்கே ரேடியோ வால்வுகள் செய்ய ஆரம்பித்தார்கள். இ.சி.சி83, இ.எல்84 என்று "பி.இ.எல்" முத்திரையோடு வந்தன. பெரியப்பா கடை அலமாரியில் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக அவை இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த உற்பத்தி நின்று வெகுகாலம் ஆயிற்று. மிச்சம் இருப்பதை வெளிநாட்டில் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

இன்றைக்கு உலகத்துக்கு வால்வு செய்து கொடுப்பது ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியாவில் உள்ள ஒரு சில தொழிற்சாலைகள்தான். 300பி மட்டும் அமெரிக்காவிலும் மறுபடி செய்கிறார்கள். 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வால்வு ஏற்றுமதி கொஞ்ச நாள் தடைப்பட்டது. அந்தச் சில வாரங்களில் உலகம் முழுக்க வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தவர்கள் அலமாரியைத் திறந்து எத்தனை ஸ்பேர் இருக்கிறது என்று எண்ணினார்கள்.

கம்பெனிகளும் கை மாறுகின்றன. 2011-ல் ஸ்டாக்ஸைச் சீனாவின் எடிஃபயர் வாங்கியது. ஸென்ஹைஸரின் ஹெட்ஃபோன் வியாபாரம் 2022-ல் சுவிட்சர்லாந்தின் சோனோவாவுக்குப் போனது. பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நம்பி முப்பது வருஷத்துக்குக் காசு போட முடியாது.

சரி, எது ஒசத்தி?

என் ஆபீஸில் திருநெல்வேலிப் பையன் ஒருவன் இருக்கிறான். "அண்ணாச்சி, போனஸ் வந்திருக்கு, ட்யூப் ஆம்ப் வாங்கிரலாம்னு இருக்கேன், எதை வாங்க?" என்று பிடித்துக்கொண்டான். அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

பணத்தில் பெரிய பங்கை ஹெட்ஃபோனுக்குப் போடு. ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைவிட மூன்று கேள்வி முக்கியம். உள்ளே இருக்கும் வால்வு இன்னும் பத்து வருஷத்துக்குக் கிடைக்குமா? இ.எல்34, 6922, 6எஸ்.என்7 மாதிரி பல தொழிற்சாலைகளில் செய்கிற வால்வு என்றால் கவலை குறைவு. சர்க்யூட் வெளியில் தெரிந்ததா? தெரிந்தது என்றால் உள்ளூர் எஞ்சினியர்கூடப் பழுது பார்க்கலாம். மூன்றாவது, எவ்வளவு சூடாகும்? பவர் வால்வு ஆம்ப்ளிஃபயர் நூறு வாட்டுக்கு மேல் இழுத்தபடி மணிக்கணக்கில் எரியும். சென்னையில் ஏப்ரல் மாதம் அதோடு ஒரே ரூமில் உட்காருவதற்கு உண்மையான பக்தி வேண்டும்.

அந்த மூன்று கேள்வியில் ப்ளூ ஹவாய் முதல் இரண்டில் ஜெயிக்கும், மூன்றாவதில் தோற்கும். ஸ்டாக்ஸின் சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் மூன்றிலும் தேறும், ஆனால் ரொம்ப சத்தமாகக் கேட்பவர்களுக்குப் போதாது. டி8000 சூட்டில் நல்ல பிள்ளை, பழுதானால் கம்பெனியைத்தான் நம்ப வேண்டும். 50,000 யூரோ, டாலர் சமாச்சாரங்களைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. அந்தக் காசுக்கு ஊரில் நிலம் வாங்கலாம்.

குடும்பஸ்தர்களுக்கு மூன்று எச்சரிக்கை. டோக்கியோவில் இருக்கும் மச்சான் வாங்கிவரும் ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் அன்றே கதை முடிந்துவிடும். நல்ல ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். இரண்டு, பயஸ் வோல்டேஜ் ஆபத்தில்லை என்றேன், ஆனால் ஆம்ப்ளிஃபயரின் உள்ளே இருப்பது கொல்லக்கூடிய மின்சாரம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டரில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கும். குழந்தைகள் எட்டாத உயரத்தில் வையுங்கள், மூடியைத் திறக்காதீர்கள். மூன்று, கடலோர ஈரக்காற்றும் தூசியும் இந்தச் சவ்வுக்கு எதிரி. ஒரு பக்கம் சத்தம் குறைந்தாலோ "கீச்" என்றாலோ பெரும்பாலும் அதுதான் காரணம். கேட்டு முடித்ததும் மூடி வையுங்கள்.

பையன் கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயரும் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் வாங்கினான். பழைய சர்வீஸ் மேனுவலின் சர்க்யூட் படம் கிடைத்தது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரண் மேல் தாத்தாவின் ரேடியோ இருந்தால் பின் அட்டையைத் திறக்காமல் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். (பிளக்கைச் சொருகிப் பார்க்கவே வேண்டாம்.) குப்பியின் மேல் பி.இ.எல் என்று எழுத்துத் தெரிந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அட்டையின் உள்பக்கம் சர்க்யூட் படம் ஒட்டியிருந்தாலோ, ரிப்பேர்க்காரர் எழுதிய பென்சில் குறிப்பு இருந்தாலோ, செல்ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.